கோலாப்பூரிலிருந்து ஒரு கடிதம்

சென்ற மாதம் அடுத்த வீட்டுப் பையன் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்தான். இஞ்சினீயரிங் முடித்தவன். மேல்படிப்புக்காக அமெரிக்காவில் ஆறு சர்வகலாசாலைகளுக்கு விண்ணப்பம் போடுகிறானாம். பரீட்சை மார்க்குகள், ஆங்கிலம் தெரியும் என்பதற்கு ஒரு சான்று, ஆசிரியர்கள் மூவரின் சிபாரிசுக் கடிதங்கள், அப்பாவின் பாங்குக் கணக்கு எல்லாம் தயாராக இருந்தன. பாக்கி ஒன்றுதான். 'நான் ஏன் இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறேன்' என்று இரண்டு பக்கத்துக்கு அவனே எழுத வேண்டும்.

"மாமா, நீங்க கதை எழுதறவங்க. இதைக் கொஞ்சம் பார்த்துச் சரி பண்ணிக் கொடுங்க" என்றான்.

கல்லூரியில் இன்டர்மீடியட்டோடு நின்றுவிட்டவன் நான். என்னிடம் சர்வகலாசாலைக்கான காகிதம் வருவதே ஒரு வேடிக்கை. இருந்தாலும் வாங்கிப் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. 'சிறு வயது முதலே எனக்கு ஆர்வம்' என்று தொடங்கி, 'உலகத்துக்குச் சேவை செய்வேன்' என்று முடிந்திருந்தது. எல்லாம் இருந்தது, அவனைத்தான் காணோம். யார் பெயரைக் கீழே போட்டாலும் அந்தக் கடிதம் பொருந்திவிடும்.

அப்போது எனக்கு வேறு இரண்டு கடிதங்களின் நினைவு வந்தது. இரண்டுமே ஒரே பெண்ணின் படிப்பைக் குறித்து அமெரிக்காவில் உள்ளவர்களுக்கு எழுதப்பட்டவை. ஒன்று 1878-இல் எழுதியது, மற்றது 1883-இல். முதல் கடிதத்தை எழுதியவர் அவளுடைய புருஷன். இரண்டாவதை அவளே எழுதினாள். இரண்டுக்கும் நடுவே ஐந்து வருஷம். அந்த ஐந்து வருஷத்தின் கதையை அவனுக்குச் சொன்னேன்.

பம்பாயை அடுத்த கல்யாணில் 1865 மார்ச் 31-இல் பிறந்தவள் யமுனா. ஒன்பதாம் வயதில் கோபால்ராவ் ஜோஷி என்பவருக்குக் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். அவர் தபால் இலாகாவில் குமாஸ்தா, மனைவியை இழந்தவர், பெண்ணைவிட வயதில் மிகவும் மூத்தவர். வழக்கப்படி மணப்பெண்ணுக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். யமுனா ஆனந்தி ஆனாள். ஆனந்திபாய் ஜோஷி என்று சரித்திரம் அவளை அறியும்.

கோபால்ராவுக்கு ஒரு பைத்தியம் இருந்தது. தம் மனைவி படிக்க வேண்டும். அந்தக் காலத்துக் கணவன்மார் மனைவி சமையலைக் கவனிக்கவில்லை என்று கோபித்துக் கொண்டார்கள் என்றால், இவர் படிப்பைக் கவனிக்காமல் சமையற்கட்டில் இருந்ததற்காகக் கோபித்துக் கொண்டார். கோபம் வாயோடு நிற்கவில்லை. பிற்காலத்தில் அமெரிக்காவிலிருந்து அவருக்கு எழுதிய ஒரு கடிதத்தில் ஆனந்திபாய் எல்லாவற்றையும் நினைவுபடுத்துகிறாள். பத்து வயதில் கட்டையால் அடித்தது, பன்னிரண்டு வயதில் நாற்காலியையும் புத்தகங்களையும் தூக்கி எறிந்தது, பதினான்கு வயதில் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று பயமுறுத்தியது என ஒன்று விடவில்லை. இந்த மனிதரைச் சீர்திருத்தச் செம்மல் என்று மாலை போடவும் எனக்கு மனம் வரவில்லை. அரக்கன் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. அவராலேதான் அவள் படித்தாள். அவராலேதான் அழுதாள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது முதல் கடிதத்துக்கு வருவோம். 1878-இல் கோபால்ராவுக்குக் கோலாப்பூரில் உத்தியோகம். அங்கே இருந்த அமெரிக்க மிஷனரி ஒருவர் மூலமாக, அமெரிக்காவில் 'மிஷனரி ரெவ்யூ' என்ற பத்திரிகையை நடத்தி வந்த வைல்டர் பாதிரியாருக்குக் கடிதம் போயிற்று. வைல்டர் முன்பு கோலாப்பூரிலேயே ஊழியம் செய்தவர். கடிதத்தின் சாரம் இதுதான்: என் மனைவியைப் படிக்க வைக்க வேண்டும், அமெரிக்காவுக்கு அழைத்து வந்தால் எனக்கு அங்கே ஒரு வேலை கிடைக்குமா? கடிதத்தில் பேசுகிறவர் அவர். மனைவி பேசப்படுகிற பொருள். அவளுக்கு அப்போது 13 வயது.

பதில் வந்தது. கிறிஸ்துவை ஏற்றுக் கொள்வதைப் பற்றி யோசியுங்கள் என்ற உபதேசந்தான் அதில் பிரதானம். ஜோஷி தம்பதிக்கு மதம் மாறும் உத்தேசம் இல்லை. ஆகவே காரியம் அதோடு முடிந்தது. இக்காலத்துப் பையன்களுக்கு 'வருந்துகிறோம்' என்று நாலு வரியில் பதில் வருகிறதே, அந்த மாதிரிதான். வைல்டர் கூடுதலாக ஒன்று செய்தார். கடிதத்தையும் தம் பதிலையும் பத்திரிகையில் அச்சிட்டார். அந்தரங்கமாகக் கேட்டதை ஊரறியப் போட்டுவிட்டாரே என்று நமக்கு வருத்தமாயிருக்கிறது. ஆனால் அந்த அச்சுத்தான் பின்னால் கதவைத் திறந்தது.

இதற்குள் ஆனந்திபாயின் வாழ்க்கையில் வேறு ஒன்று நடந்துவிட்டது. பதினான்கு வயதில் அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பத்தே நாள் இருந்தது. தக்க வைத்தியம் கிடைக்காமல் இறந்தது.

அந்தக் காலத்தில் இப்படிப் பத்து நாள் குழந்தைகள் இறந்து போகாத வீடு குறைவு. பிரசவ அறைக்குள் ஆண் வைத்தியரை விடமாட்டார்கள். பெண் வைத்தியரோ கிடையாது. மருத்துவச்சியின் கைராசியும் தெய்வமுந்தான் துணை. ஆயிரம் தாய்மார் அழுது, தேற்றிக்கொண்டு, அடுத்த பிள்ளையைப் பெற்றார்கள். இந்தச் சிறு பெண் மட்டும் அழுதுவிட்டு, 'நான் வைத்தியம் படிக்கிறேன்' என்றாள். புருஷனுடைய பைத்தியமாக இருந்த படிப்பு அன்று முதல் அவளுடைய சொந்தக் காரியமாயிற்று என்றே நான் நினைக்கிறேன்.

1880-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி ராஜ்யத்து ரோஸெல் என்ற ஊரில் இருந்த தியோடீசியா கார்ப்பெண்டர் என்ற அம்மாள் பல் வைத்தியர் வீட்டுக்குப் போனாள். தன் முறை வரும்வரை பொழுது போக வேண்டுமே. அங்கே கிடந்த பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினாள். அது 'மிஷனரி ரெவ்யூ'. கோலாப்பூர்க் கடிதம் கண்ணில் பட்டது. யாரோ முகம் தெரியாத பெண்ணுக்கு உதவ வேண்டும் என்று தோன்றி, வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினாள். கதையில் இப்படி ஒரு சம்பவத்தை நான் வைத்தால், 'தற்செயலை அளவுக்கு மீறி நம்புகிறார்' என்று விமரிசகர்கள் எழுதுவார்கள்.

கடிதப் போக்குவரத்து வளர்ந்தது. இரண்டு பெண்களும் பார்க்காமலே உறவு கொண்டாடினார்கள். ஆனந்திபாய் அந்த அம்மாளைச் சித்தி முறை வைத்து அழைத்தாள். தன் தலைவலி, காய்ச்சல், பலவீனம் எல்லாவற்றையும் எழுதினாள். அந்த அம்மாள் கடல் கடந்து மருந்துகள் அனுப்பினாள். மருந்து பலிக்கவில்லை. உடம்பு அப்போதே சரியில்லை என்பதை நாம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோபால்ராவுக்கு உத்தியோகம் கல்கத்தாப் பக்கம் மாறியிருந்தது. அவரால் உடன் போக முடியவில்லை. 'நீ தனியாகப் போ' என்றார். பதினெட்டு வயது நிரம்பாத பிராமணப் பெண், புருஷன் துணையில்லாமல், கடல் தாண்டி, மிலேச்ச தேசத்துக்கு! ஊர் கொதித்தது. இந்துக்கள் ஜாதிப் பிரஷ்டம் என்றார்கள். கிறிஸ்தவர்களிலும் சிலர், இவள் இந்துவாகவே போகிறேன் என்கிறாளே என்று முகம் சுளித்தார்கள்.

1883 பிப்ரவரியில் செராம்பூர்க் கல்லூரி மண்டபத்தில் ஆனந்திபாய் பிரசங்கம் செய்தாள், ஆங்கிலத்தில். ஊர் தன்னைக் கேட்கும் கேள்விகளை ஆறாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். ஏன் அமெரிக்கா போகிறாய்? இந்தியாவில் படிக்க வழியில்லையா? ஏன் தனியாக? திரும்பி வந்தால் ஜாதியை விட்டுத் தள்ளமாட்டார்களா? ஆபத்து வந்தால் என்ன செய்வாய்? உன் இனத்தில் யாரும் செய்யாததை நீ ஏன் செய்ய வேண்டும்?

இந்தியாவில் வழியில்லையா என்ற கேள்வியில் நம் சென்னை வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவர்களில் ஒருவரான மேரி ஷார்லீப் பிறகு லண்டன் சர்வகலாசாலையில் 1882-இல் வைத்தியப் பட்டம் வாங்கி, 1883-இல் சென்னைக்கே திரும்பி வந்தார். ஆனந்திபாய் சென்னைக் கல்லூரியைப் பற்றி அறிந்தே இருந்தாள். ஆனால் அங்கே பெண்களுக்குக் கிடைக்கும் போதனை போதாது என்றும், போதிக்கிறவர்கள் பழைய மனப்பான்மை உள்ளவர்கள் என்றும் குறை சொன்னாள். நமக்கு இது சற்றுச் சுடத்தான் செய்கிறது. மற்றொரு காரணமும் சொன்னாள். பெண் ஒருத்தி புத்தகமும் கையுமாகத் தெருவில் நடந்தால் ஜனங்கள் பார்க்கிற பார்வையும் செய்கிற கேலியும் தாங்க முடியவில்லை என்றாள். ஆறாவது கேள்விக்கு அவள் தந்த பதில், எல்லோருக்கும் நன்மையான காரியத்தை யாராவது ஒருவர் செய்யத்தானே வேண்டும் என்பது. ஜாதியைப் பற்றிச் சொன்னது இன்னும் சுருக்கம்: இந்துவாகப் போகிறேன், இந்துவாகவே திரும்பி வருவேன்.

ஏப்ரல் 7-இல் கல்கத்தாவில் கப்பல் ஏறினாள். ஜூன் 4-இல் நியூயார்க்கில் இறங்கினாள். முகம் பார்த்திராத சித்தி துறைமுகத்துக்கு வந்து அழைத்துப் போனாள்.

இங்கே பையன் குறுக்கிட்டான். "அட்மிஷன் எப்போ கிடைச்சுது, மாமா?"

நல்ல கேள்வி. அவன் ஆறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டு, ஓர் இடத்தில் ஒப்புதல் வாங்கி, அதைக் காட்டி விசா வாங்கி, பிறகுதான் விமானத்தைப் பற்றி யோசிக்க முடியும். அன்று அமெரிக்காவில் நுழைவதற்கு விசா வேண்டியிருக்கவில்லை. பிலடெல்பியாவில் உள்ள பென்ஸில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு ஆனந்திபாய் எழுதிய விண்ணப்பக் கடிதத்தின் தேதி 1883 ஜூன் 28. கரையேறி மூன்றரை வாரம் ஆகியிருந்தது. இடம் இல்லை என்று சொல்லியிருந்தால்? அந்த யோசனைக்கு அவள் இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இதுதான் நான் சொன்ன இரண்டாவது கடிதம். கல்லூரி நிர்வாகக் குழுவைச் சேர்ந்த ஆல்பிரட் ஜோன்ஸ் என்பவருக்கு எழுதியது. கல்லூரியின் விதிகளைப் படித்தேன், என்னிடம் அந்தத் தகுதிகள் எல்லாம் முழுமையாக இருக்குமோ என்று பயப்படுகிறேன் என்பதை அவள் மறைக்கவில்லை. ஆனால், உற்றாரும் ஜாதியாரும் சேர்ந்து எதிர்த்தும் இந்த நாட்டுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்த உறுதியைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். எங்கள் நாட்டுப் பெண்கள் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டுவதைவிடச் சாவதே மேல் என்று இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியம் செய்யவே வந்தேன் என்றாள். செத்துப் போன குழந்தையைப் பற்றி அதில் பேசவில்லை. ஆனால் அந்தக் குழந்தை இல்லாமல் அந்தக் கடிதம் இல்லை.

கல்லூரி அவளைச் சேர்த்துக்கொண்டது. இரக்கத்தால் மட்டும் என்று நான் எண்ணவில்லை. 1850-இல் தோன்றிய அந்தக் கல்லூரிக்கு வாசல் அடைக்கப்படுவது என்றால் என்ன என்று தெரியும். அமெரிக்காவில் முதன் முதலில் வைத்தியப் பட்டம் பெற்ற பெண்ணான எலிஸபெத் பிளாக்வெல்லைப் பல கல்லூரிகள் நிராகரித்தன. கடைசியில் ஜெனீவா என்ற சிற்றூரில் உள்ள கல்லூரி மாணவர்கள், யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து 'வரட்டுமே' என்று வாக்களித்ததால் இடம் கிடைத்து, 1849-இல் பட்டம் வாங்கினார். 1869-இல் பிலடெல்பியாவின் பெரிய ஆஸ்பத்திரியில் பாடம் கேட்கப் போன இந்தக் கல்லூரிப் பெண்களை ஆண் மாணவர்கள் கூச்சலிட்டும் காகித உருண்டைகளை எறிந்தும் அவமானப்படுத்தினார்கள். கல்கத்தாத் தெருவில் கேலிக்கு ஆளானவளின் கடிதத்தைப் படித்தவர்கள் இவர்கள். பிரதம ஆசிரியையான ரேச்சல் பாட்லி அம்மாளுக்கு அது அந்நிய தேசத்துக் கதையாகத் தோன்றியிருக்காது.

அந்தக் கல்லூரியில் 1885 அக்டோபரில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. மூன்று பெண்கள், மூவரும் தத்தம் தேசத்து உடையில். புடைவையில் ஆனந்திபாய், கிமோனோவில் ஜப்பானியப் பெண் கெய் ஓகாமி, சிரியா தேசத்து உடையில் ஸபாத் இஸ்லாம்பூலி. அந்த வருஷத்தில் ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. ஆக்ஸ்போர்டு 1920-இல்தான் இணங்கியது, கேம்பிரிட்ஜ் 1948-இல். பம்பாய் ராஜதானியிலிருந்து போன கார்னீலியா ஸொராப்ஜி 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டப் பரீட்சை தேறியும் பட்டத்துக்கு அந்த 1920 தாண்டும் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. உலகத்தின் கீர்த்தி வாய்ந்த வாசல்கள் மூடியிருந்தபோது, பிலடெல்பியாவின் சிறிய வாசலில் மூன்று தேசத்துப் பெண்கள் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

1886 மார்ச் 11-இல் ஆனந்திபாய் பட்டம் பெற்றாள். பழைய இந்துக்களின் பிரசவ வைத்தியத்தைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருந்தாள். பார்க்கப் பண்டித ரமாபாய் வந்திருந்தார். இதற்குள் கோபால்ராவும் அமெரிக்கா வந்து சேர்ந்துவிட்டார். இந்தியாவிலிருந்து உத்தியோகமும் வந்தது. எந்த ஊரிலிருந்து என்கிறீர்கள்? கோலாப்பூரிலிருந்து! அந்த ஊர் ஆல்பர்ட் எட்வர்ட் ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பான டாக்டர் பதவி. எட்டு வருஷத்துக்கு முன் எந்த ஊர்த் தபால் பெட்டியில் முதல் கடிதம் விழுந்ததோ, அதே ஊர் பதில் அனுப்பிவிட்டது.

"அப்புறம் அந்த ஆஸ்பத்திரியை நல்லா நடத்தினாங்களா, மாமா?" என்றான் பையன்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தும், அது வரைக்கும் நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நடத்தவில்லை. பிலடெல்பியாவின் குளிர் ஏற்கனவே மெலிந்திருந்த உடம்பை விடவில்லை. க்ஷயரோகம் பற்றிக்கொண்டது. 1886 அக்டோபரில் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டவள் நோயாளியாகத்தான் வந்து இறங்கினாள். ஜாதிப் பிரஷ்டம் செய்வதாகச் சொன்ன ஊர் வரவேற்றது. ஆனால் கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் அவள் ஒரு நாள் கூட வேலை பார்க்கவில்லை. 1887 பிப்ரவரி 26-இல் புனாவில் காலமானாள். இருபத்திரண்டு வயது முடிய ஒரு மாதம் பாக்கி இருந்தது. அஸ்தியின் ஒரு பகுதி கார்ப்பெண்டர் அம்மாளுக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் ராஜ்யத்தில் போகிப்ஸி என்ற ஊரில், அந்தக் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே அது இருக்கிறது.

இந்தக் கதையை நம்மவர் சொல்லும்போது 'அவள் வழிகாட்டினாள்' என்று முடிப்பது வழக்கம். அது பொய்யில்லை. அதே கல்லூரியில் 1892-இல் குருபாய் கர்மார்க்கர் படித்துத் தேறி, பம்பாய் திரும்பி வைத்தியம் செய்தார். லண்டனில் படித்த ருக்மாபாய் 1894-இல் டாக்டரானார். பின்னர் எத்தனையோ பேர். ஆனால் பின்னால் வந்தவர்களைக் காட்டி முன்னால் போனவளின் நஷ்டத்தைச் சரிக்கட்டிவிட எனக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள், ஒரே ஒரு பிரசவம், ஒரு குழந்தை பிழைத்து அழுகிற சப்தம். அதற்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் போனாள். அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் 1883 ஜூன் மாதத்துக் கடிதம் இருக்கிறது. மற்றவர்கள் அவளுக்குப் பெயர் வைத்தார்கள். கல்யாணம் செய்து வைத்தார்கள். அடித்துப் படிக்க வைத்தார்கள். அவளுக்காகக் கடிதம் எழுதினார்கள். அந்த ஒரு கடிதத்தில் மட்டும் அவள் தானே நின்று, எனக்கு இது வேண்டும், இன்ன காரணத்துக்காக வேண்டும் என்று கேட்டாள். கேட்டது கிடைத்தது.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு நான் பேனாவைத் தொடுவதற்கு முன்னாலேயே அந்த இரண்டு பக்கங்களையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"இருக்கட்டும் மாமா, நானே மறுபடியும் எழுதிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.